கீழறைச் சன்னல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், விடை சரியாக வரவில்லையென்றால் எங்கோ கூட்டலில் தப்பு இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவன். நீங்களும் அதையேதான் என்னிடம் சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம். கொடைக்கானலில் எங்கள் வீடு சரிவில் இருந்தது. மேலே இரண்டு அறையும் சமையல்கட்டும், அதற்கு அடியில் ஒரு கீழறை. வீட்டை ஒட்டிக் கல்படி இறங்கிப் போய் அதன் கதவடியில் முடியும். சன்னல் கிடையாது. என் மனைவி பார்வதி போன பிறகு மூன்று வருஷமாக அதைப் பூட்டியே வைத்திருந்தேன். இரண்டு நர்ஸம்மாக்கள் வாடகைக்கு இடம் தேடுகிறார்கள், சும்மா கிடக்கிற அறையைச் சரிபண்ணி விடலாமே என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் அந்தப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அது வேறு அறையாக மாறிவிட்டால் போதும் என்று இருந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்வதிக்கு டி.பி. தனியாக வையுங்கள் என்று டாக்டர் சொன்னார், நான் கீழறையில் வைத்தேன். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒன்பது மாதம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படி இறங்கி, தட்டைக் கடைசிப் படியில் வைத்து, கரண்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு மேலே வந்துவிடுவேன். அவள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வதற்குள் நான் சமையல்கட்டில் இருப்பேன். ஒரு சன்னல் வைத்துக் கொடுங்களேன் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். லீவு வரட்டும் என்றேன். லீவுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

கீழே கன்னிவாடியிலிருந்து மாயாண்டி என்று ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். ஐம்பது வயசிருக்கும், அதிகம் பேசமாட்டார், சுவரைக் கையால் தட்டிப் பார்த்தே கல் எப்படிக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கொடைக்கானலில் அதுதான் அவருக்கு முதல் வேலை, என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தரைக்கு சிமெண்ட், மூலையில் அடுப்பு மேடை, வெளியே ஒரு குளியலறை, ஆள் மார்பளவு உயரத்தில் இரண்டு சன்னல் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மறுநாள் வந்து பார்க்கிறேன், படியைப் பார்த்த சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கரிக்கட்டையால் சதுரம் போட்டிருந்தார். இவ்வளவு தாழ்வாக யாராவது சன்னல் வைப்பார்களா என்று சத்தம் போட்டேன்.

"வீட்டம்மாதானுங்க சொன்னாங்க. படுத்த வாக்குல பாக்கணுமாம், ஒசரத்துல வச்சா தெரியாதுன்னாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் நான் அளவெடுக்கையில இங்கனதான இருந்தாங்க. அந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. மேலுக்கு முடியலையாட்டு இருக்கேன்னு நானும் நெறைய பேச்சுக் குடுக்கல."

அவர் கைகாட்டிய இடம் அவள் கட்டில் கிடந்த இடம். கட்டிலை என்றைக்கோ எடுத்துப்போட்டாயிற்று, அங்கே ஒரு அடையாளமும் இல்லை. என் வீட்டில் பெண்பிள்ளை யாருமில்லை, என் மனைவி செத்து மூன்று வருஷம் ஆகிறது என்று சொன்னேன். மாயாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கரிச்சதுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இந்தச் சன்னல் வேண்டாமுங்களா?"

"வையுங்க" என்றேன்.

மூன்று நாளில் கல்லைப் பெயர்த்து வழி எடுத்தார். அன்றைக்கு சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி, மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது, மாயாண்டி சாப்பிடக் கடைப்பக்கம் போயிருந்தார். நான் மட்டும் கீழறையில் இருந்தேன். என்ன தோன்றியதோ, அவள் படுத்திருந்த இடத்தில் வெறும் தரையில் படுத்து, அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஏரி தெரியவில்லை, மரம் தெரியவில்லை. கல்படி மட்டும் தெரிந்தது, மேலிருந்து கீழ்ப்படி வரைக்கும். இதைப் பார்க்கவா சன்னல் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இறங்கி வருவதைப் பார்க்க.

நம்பினால் நம்புங்கள். ஒரு ஆள் படி இறங்கி வந்தான். குடை, மூக்கில் துண்டு, கையில் தட்டு. பழுப்புக் கோட்டு, இடது முழங்கையில் பார்வதி தைத்த ஒட்டு. அந்தக் கோட்டை அவள் காரியம் முடிந்த அன்றைக்கே நான் கொளுத்திவிட்டேன், சாம்பலை நானே வாரிப் போட்டேன். அவன் கடைசிப் படியில் தட்டை வைத்தான். கரண்டியால் இரண்டு தட்டு. அந்தச் சத்தம் கேட்டது, எனக்குக் காதில் கேட்டது. பிறகு கதவைப் பார்க்காமலே திரும்பினான். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்துவிடுமோ என்று ஓடுகிறவன் நடை அது.

எனக்கு பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓட்டையில் முகத்தை வைத்து, "உள்ள போடா" என்று கத்தினேன். அவன் நாலாவது படியில் நின்றான். தலையை லேசாகச் சாய்த்தான், திரும்பிப் பார்ப்பான் போல இருந்தது. பார்க்கவில்லை. ஏறி மேகத்துக்குள் போய்விட்டான். நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். படி ஈரமாகக் கிடந்தது, தட்டு இல்லை, யாருமில்லை. மாயாண்டி வந்து பார்த்தபோது நான் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேனாம், அவர்தான் மேலே கூட்டிப் போனார்.

வேலை முடிந்தது, நர்ஸம்மாக்கள் வந்தார்கள், ஆறு வருஷம் சுகமாக இருந்தார்கள். அவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை, நானும் அப்புறம் ஒன்றையும் பார்க்கவில்லை. மனசு குழம்பிக் கிடந்தவனுக்கு எதுவும் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம், நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான் அது.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, அது சில நாள் கழித்து வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது, சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. பார்வதி போவதற்கு ஒரு வாரம் முன்பு, தூறல் விழுந்த ஒரு மத்தியானம், தட்டை வைத்துவிட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தேன். பின்னால் சுவருக்குள்ளேயிருந்து ஒரு ஆம்பளைக் குரல், கோபமாக, உள்ளே போடா என்றது. சாலையில் யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நின்றேன், அது நிச்சயம் ஞாபகம் இருக்கிறது. எத்தனையாவது படி என்று மட்டும் தெரியவில்லை. அப்புறம் மேலே போய்ச் சாப்பிட்டேன்.