அண்ணன் பெயரில் வந்த பிழைகள்

எங்கள் அலுவலகத்து அண்ணனை நினைத்தால் முதலில் கண்ணில் தெரிவது அவர் முகம் அல்ல. மேசைமேல் அதிர்ந்தபடி நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து வரும் அவருடைய போன். என் டீ கிளாஸில் வந்து அது முட்டும்போதுதான் அவர் எட்டி எடுப்பார். "உன் டீயக் காப்பாத்தவே நான் வேலை பாக்க வேண்டியிருக்கு" என்பார். தில்லைநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். சொந்த அண்ணன் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான்.

நாங்கள் செய்துகொண்டிருந்த மென்பொருள், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முறை நேரத்தைச் சொல்வது. இயந்திரம் பழுதானாலும் நேரம் மாறினாலும் அவர்களுடைய போனுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். போகாவிட்டால் உப்பிலியபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர் வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் குறுஞ்செய்தி போகாத ஒவ்வொரு முறையும் எங்கள் இருவருக்கும் ஒரு மெயில் வரும். அதில் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். ஒருவர் அதை அழுத்திவிட்டால் மற்றவருக்கு நினைவூட்டல் நின்றுவிடும்; டயாலிசிஸ் மையத்தின் திரையிலும் அது தெரியும். பெரும்பாலும் அண்ணன்தான் முந்திக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஜீயபுரத்தில் வாழைத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அவர் வீட்டுக்கு எல்லோரும் போய் வந்தோம். பிழைச் செய்தி போகும் பட்டியலிலிருந்து அவர் பெயரை நான்தான் எடுத்தேன். அவருடைய மெயில் கணக்கை மூட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. "இருக்கட்டும் விடும்மா, அது என்ன சோறா கேக்குது" என்றார் மேனேஜர்.

சில மாதங்கள் கழித்து, பிழைகளைக் கையாளும் முறையைச் சீர்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. பழைய நிரலில் பல இடங்களில் பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, எல்லாம் சரி என்பதுபோல மேலே போய்க்கொண்டிருக்கும். எனக்கு இந்த விழுங்குகிற வேலையே பிடிக்காது, மனிதர்களிடத்திலும் பிடிக்காது. எல்லாவற்றையும் வாய் திறக்க வைத்தேன். கூடவே, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியையும் இணைத்தேன். எந்த வரியைக் கடைசியாக யார் எழுதினார்கள் என்று கிட் மறக்காமல் வைத்திருக்கும். இனிமேல் ஒரு வரியில் பிழை வந்தால் அந்த வரியை எழுதியவருக்கே மெயில் போகும், மற்றவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கணக்கு. மேனேஜர் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அன்று மதியமே ஒரு பிழை வந்தது. என்ன என்று பார்ப்பதற்குள் திரையில் பச்சை விழுந்துவிட்டது. பக்கத்தில் அண்ணனின் பெயர். 'நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது நான். பிழை வந்த வரியை எழுதியவர் அவர் என்பதால், கிட் அதைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டது. மெயில் போனது புரிந்தது. அழுத்தியது யார் என்பதுதான் புரியவில்லை. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று ஆளாளுக்கு முறைத்துக்கொண்டோம். மறுநாளும் அப்படியே நடந்தது. மேனேஜர் சமயபுரத்துக் குங்குமத்தைக் கொண்டுவந்து சர்வருக்கு இட்டார். சர்வருக்கு நம்பிக்கை போதவில்லை போலிருக்கிறது. பச்சை மறுபடியும் விழுந்தது. அழுத்துவது யார் என்று தேடியதில் பிழையைத் திருத்தவே மறந்துபோனோம்.

பிறகு டயாலிசிஸ் மையத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். உப்பிலியபுரத்துப் பெரியவர் ஒருவர் நேரம் மாறியது தெரியாமல் வந்து, மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்திருக்கிறாராம். "உங்க ஆளு ஒருத்தர் பாத்துக்கிறேன்னு போட்டிருக்காரே, அதை நம்பித்தான் நாங்க இருந்தோம். யாருங்க அவர்?" என்று கேட்டார். எப்படியோ பெரியவரை மாலை முறையில் சேர்த்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். அன்றே அண்ணனின் மெயில் கணக்கைத் திறந்து பார்த்தேன். வருகிற எல்லாவற்றையும் தன் போனுக்கும் அனுப்பும்படி அண்ணன் வைத்திருந்தார். மறுநாள் ஜீயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அண்ணனின் படத்துக்குக் கீழே அவர் போன் சார்ஜில் இருந்தது. அண்ணி மறைக்கவில்லை.

"வண்டியில போறப்ப போன் என் கையிலதாம்மா இருக்கும். அந்தப் பச்சையை அமுக்கிடு, இல்லேன்னா அந்தப் பொண்ணு பயந்துக்கும்னு சொல்லுவாரு. சாப்பிடறப்பவும் நான்தான் அமுக்குவேன். அவர் போனப்புறம் இது வாயே திறக்கல. அன்னைக்குத் திடீர்னு அடிச்சுது. கை தானா போயிடுச்சு."

பெரியவரைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. "ஒரு உசுரோட விளையாடிட்டேனே. இனிமே அனுப்பாதீங்க" என்றார் அண்ணி. நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். "தப்பா நினைக்கலன்னா ஒண்ணு கேக்கட்டுமா. அது அடிக்கிறது மட்டும் நிக்காம இருக்க வழி இருக்கா?"

அண்ணனுடைய வரிகளில் சும்மா ஓர் இடைவெளி விட்டுச் சேமித்தாலே போதும், கிட் அவற்றை என் பெயருக்கு மாற்றிவிடும். செய்யத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மாறாக, பச்சைப் பொத்தானை நம்புவதை நிறுத்தினேன். இப்போது யார் அழுத்தினாலும் யாருக்கும் நினைவூட்டல் நிற்காது. எழுதியவரோடு எனக்கும் மெயில் வரும். திருத்தம் கிட்டில் ஏறி, குறுஞ்செய்தி நோயாளியின் போனை அடைந்த பிறகே பிழை மூடப்படும். உண்மையில் முதலிலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு அண்ணனின் வரிகளில் வரும் ஒவ்வொரு பிழையிலும் முதலில் அண்ணன் பெயரில் பச்சை விழும், பின்னாலேயே நான் போய்ச் சரிசெய்வேன். அண்ணி அழுத்திவிட்டார், இன்று எழுந்து நடமாடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பயம் போய், அதில் ஒரு நிம்மதிகூட வந்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுப் பக்கம், தெற்கு வாசல் கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தேன். கோயிலுக்கு வந்திருந்தார். பழையபடி கொஞ்சம் சதை போட்டிருந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன்.

"உன்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்மா. ஆடிப்பெருக்கு அன்னைக்குப் படித்துறையில குனிஞ்சப்ப அவர் போன் ஆத்துல விழுந்துடுச்சு. தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. அழுதேன். அப்புறம் போகட்டும்னு விட்டுட்டேன். அதுலேருந்து நான் எதையும் அமுக்கல."

அன்று காலையில்தான் அண்ணனின் வரியில் ஒரு பிழை வந்திருந்தது. நான் மெயிலைத் திறப்பதற்கு முன்பே அவர் பெயரில் பச்சை விழுந்திருந்தது.

எங்கிருந்து அழுத்தப்பட்டது என்று பதிவுகளைத் திறந்தால் தெரிந்துவிடும். பிழையைத் திறந்து பார்க்காமல் விட்ட எத்தனையோ பேரிடம் நான் சிடுசிடுத்திருக்கிறேன். இதை மட்டும் இன்றுவரை திறக்கவில்லை.

"இன்னமும் அவர் பேருக்குப் போகுதாம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"போகுது அண்ணி."

"பாவம், பாக்க ஆளில்லாம."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பாக்கறாங்க அண்ணி" என்றேன்.