பெருமாயி அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆண்டுகள்

18.11.2025, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.20
காரவள்ளி, கொல்லிமலை அடிவாரம்

பொருள்: பெருமாயி அம்மாளின் மறைவு குறித்து

வளப்பூர் நாட்டு மலையூர்களில் அவரை அறிந்த அனைவருக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை 7.35க்கு மலையிலிருந்து இறங்கிய பேருந்தின் நடத்துநர் சன்னல் வழியாகவே செய்தி சொன்னார்: "பெருமாயம்மா நேத்துப் பொழுதோட தவறிட்டாங்க சார்." மேற்கொண்டு கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதே வழித்தடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நடத்துநராக இருந்த நான், அவரைக் குறை சொல்லத் தகுதியற்றவன்.

4.6.1984 அன்று பணியில் சேர்ந்தேன். அந்த வாரத்திலேயே அம்மாளைப் பார்த்தேன். புதுமணப் பெண். சில்லறையை நீட்டும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். சிரிப்பு கண்ணில் மட்டும் தெரியும். இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் முந்தானை இடுப்புக்குப் போயிற்று. மூன்று பலாப்பழங்களையும் ஒரு மிளகு மூட்டையையும் ஏற்றிவிட்டு, "இதெல்லாம் மடியில வெச்சுக்கற சாமானுங்க" என்று முகம் நிறையச் சிரிப்பார். நான் விதிப்படி சுமைச் சீட்டைக் கிழித்துவிடுவேன். சிரிப்பு குறையாது.

9.3.2001, வெள்ளிக்கிழமை, காலை 6.40. அவருடைய தாயார் கீழே ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அம்மாள் மிளகுத் தோட்டத்துப் பாதையில் கையை உயர்த்தியபடி ஓடிவந்தார். நான் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன். விசில் ஊதினேன். அடுத்த பேருந்து பன்னிரண்டே காலுக்குத்தான். அவர் போய்ச் சேர்ந்தபோது, தாயாரின் உயிர் பிரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

காரியம் முடிந்து அவர் மீண்டும் என் பேருந்தில் ஏறினார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவரே சொன்னார்: "மணி சரியாத்தானுங்க இருந்துச்சு."

அத்தோடு சரி. பின்னிருக்கையில் மற்றப் பெண்களோடு அவர் சிரிப்பது எனக்குக் கேட்கும். சீட்டுக் கொடுத்துக்கொண்டே நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது நின்றிருக்கும். 31.5.2012 அன்று ஓய்வு பெறும்வரை அப்படித்தான். பிறகும், வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

14.10.2019 அன்று இங்கே நிழற்குடையில் அவரைக் கண்டேன். முன்பற்கள் இரண்டும் இல்லை. படுத்திருந்த நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்தார். கடலை விற்பவரைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்போடு என் பக்கமும் திரும்பினார். என்னைப் பார்த்தா சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வயசுல வெக்கத்துக்குச் சிரிச்சேனுங்க. புள்ளைக பொறந்தப்புறம் காரியத்துக்குச் சிரிச்சேன். இப்ப அதுவா வருதுங்க, நான் என்ன பண்றது? உங்களுக்குன்னு தனியாச் சிரிச்சதா நெனச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார்.

மன்னித்தாரா, மறந்துவிட்டாரா? கேட்பதற்கு எனக்கு ஆறு ஆண்டுகள் இருந்தன, நான் கேட்கவில்லை. என்னிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு சிரிப்பு, நாய்க்குட்டிக்கும் எனக்கும் பொதுவாகக் கிடைத்தது. எனக்கென்றே இன்னொன்று கிடைத்திருக்கலாகாதா என்று இந்த எழுபத்திரண்டாம் வயதிலும் ஏங்குகிறேன்.

25.11.2025 அன்று பதினாறாம் நாள் காரியத்தில் இதை உரக்கப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோ. நடேசன், நடத்துநர் (ஓய்வு)

இணைப்பு:
அ) அம்மாளின் மகளுக்கு இக்கடிதத்தின் படி ஒன்று.
ஆ) ஊரார் கொடுத்த புகாருக்கு 20.3.2001 அன்று நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தின் நகல். "ஓடிவந்தவரை நான் பார்க்கவில்லை" என்பது அதன் மூன்றாம் வரி. அது பொய்.