கடல் தாண்ட வேண்டிய குதிரை

பூட்டுக்காரர் வீட்டுக் கணினிக்கு நெட் வர இரண்டு வழிகள். ஒன்று, தனிக் கம்பியில் வரும் பிராட்பேண்டு. இன்னொன்று, தொலைபேசி எண்ணைச் சுழற்றி நெட்டைப் பிடிக்கும் பழைய மோடம். புதுசு வந்த பிறகும் பழசை அவர் விடவில்லை. மாதம் ஒருமுறை அதைத் தட்டி எழுப்பி, அது கீச்சுக் கீச்சென்று கத்துவதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

"பூட்டு ஒண்ணுன்னா சாவி ரெண்டு இருக்கணும்" என்பார்.

"இது கத்துற கத்தல்ல பக்கத்து வீட்டுப் பூனையே வீடு மாறிடுச்சு" என்பாள் மனைவி.

பகலில் கடையில் மாற்றுச் சாவி அறுப்பவர், ஓய்ந்த நேரத்தில் மின்னஞ்சலில் சதுரங்கப் போட்டி ஆடுவார். கடல் தாண்டி எங்கோ படகு ஓட்டும் ஒருவரோடு பதினான்கு மாதமாக ஓர் ஆட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒரு காயை நகர்த்த ஐந்து நாள் கெடு. தாண்டினால் ஆட்டம் போச்சு.

அன்று ஐந்தாம் நாள். கெடு மாலை ஐந்து மணி. நான்கரைக்குத்தான் குதிரையை எங்கே வைப்பதென்று அவருக்குப் பிடிபட்டது. எழுதி அனுப்பினார், போகவில்லை. தெருவில் குழி வெட்டியவர்கள் பிராட்பேண்டு கம்பியையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

வேறொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவர் முகம் மலர்ந்தது. மோடம் ஒரு பாட்டம் கத்தி, இணைப்பைப் பிடித்தது. ஆனால் அந்தக் கணினி முதலில் வரும் அஞ்சலை வாங்கும், அப்புறம்தான் போகும் அஞ்சலை அனுப்பும். குதிரைக்கு முன்னால் இருபது போட்டோக்கள் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"யாரு இதை அனுப்பினது?"

"நான்தான் மாமா" என்றாள், குழந்தையோடு வந்திருந்த மச்சினி. "பாப்பா தவழுற படம். நல்லாத் தெரியட்டும்னு, இங்க கிளம்புறதுக்கு முன்னாடி பெருசாவே அனுப்பினேன்."

"இது வந்து சேர்றதுக்குள்ள உன் பாப்பா நடந்தே வந்துடும்."

இணைப்பைத் துண்டித்தார். அனுப்பினால் மட்டும் போதும் என்று கணினியில் மாற்றி வைத்தார். மணி நான்கு ஐம்பது. மாடியிலும் அதே தொலைபேசிக்கு ஒரு கிளை உண்டு என்பதால், "யாரும் போனைத் தொடாதீங்க" என்று மாடிப்படி பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு மறுபடி சுழற்றினார். மோடம் கத்தி ஓய்ந்தது. 'அனுப்புகிறது' என்று திரையில் வந்தது. வந்த வேகத்தில் அறுந்தது.

மாடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "லைன் கிடைச்சுடுச்சுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்துக் கேட்டேன். ஒரே இரைச்சல். சரி, வேலை செய்யுதுன்னு வெச்சுட்டேன்."

மச்சினி குழந்தையின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மூன்றாம் முறை எண் எங்கேஜ்டு. மனைவி இறங்கி வந்து, குற்றவாளி மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான்காம் முறை மோடம் தொண்டையைச் செருமி, கத்தி, அடங்கியது. அஞ்சல் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"ஜெயிச்சாச்சா மாமா?"

"இல்ல. தோக்கல."

"இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றாள் மனைவி.

"இனிமே அஞ்சு நாள் அவர் பாடு. என் குதிரை நிக்கிற இடத்தைப் பார்த்தா மனுஷன் படகைக் கரையில மோதிடுவார்."

சொல்லிவிட்டு, மச்சினி கையிலிருந்த பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார்.