காப்பி ஃபில்டரும் தங்கமீனும்

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் தென்காசிக்கு வந்த மறுவருஷம், என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்கமீனும் கொண்டுவந்து இறக்கினார். எங்களுடையது வெங்காயத்துக்கே யோசிக்கிற சைவ வீடு. என் மாமியார் பதறிப்போனார்.

“ஏலே, சைவ வீட்டுக்குள்ள மீனா? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?”

“திங்கதுக்கா கொண்டாந்தேன்? பாக்கதுக்கும்மா.”

கூடத்தைத் தாண்டி வரக் கூடாது என்று சொல்லி அத்தை விட்டுவிட்டார்.

சீக்கிரமே தண்ணீர் கழனித் தண்ணி போலக் கலங்கியது. ஒரு மீன் செத்து மிதந்தது. மற்றது மூச்சுக்கு மேலே வந்து வந்து வாயைப் பிளந்தது. தண்ணீரை வடிகட்டியே தீருவது என்று இவர் தலையணையைப் பிரித்தார். இலவம்பஞ்சு தண்ணீரில் நனையுமா? அது பாட்டுக்கு மிதந்தது. வேட்டித் துணியில் வடிகட்டினால் அழுக்கு அடைத்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்புறம்தான் மகாராசன் கண் அடுக்களைப் பக்கம் திரும்பியது.

என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைக் காப்பி ஃபில்டர். ஓட்டை போட்ட அதன் மேல்பாதியைத் தூக்கிப் போய், ஆற்று மணலும் மருந்துக்கடைப் பஞ்சும் அடைத்து, தொட்டிக்கு மேலே கட்டினார். தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு அதில் ஊற்றினார். தண்ணீர் தெளிந்தது, மீன் துள்ளியது, எனக்கு வயிறு எரிந்தது. குடித்த டம்ளரைக் கழுவி அறியாத மனுஷர், தினமும் பஞ்சைப் பிழிந்து மணலை அலசுகிறார்!

“என் ஃபில்டரை எப்பத் தருவீங்க?”

“பொறுத்துக்கிடேன், உயிரு இல்லியா?”

“காப்பி இல்லாம எனக்குந்தான் உயிரு போவுது.”

அதற்குள் அத்தை பார்த்துவிட்டார். “மீன் பட்ட பாத்திரம் இனிமே அடுக்களைக்குள்ள வரப்படாது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுச் சாமான் போச்சே என்று நான் அழுதேவிட்டேன். துணியில் வடிகட்டிக் காப்பி கொடுத்தேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “இது காப்பியா, கஷாயமா?” என்று கீழே வைத்தார்.

குற்றாலத்துச் சாரல் ஊருக்குள்ளும் விசிறியடித்த ஒரு காலை. அடுக்களையிலிருந்து டிகாக்ஷன் வாசம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெந்நீரில் கழுவிய என் ஃபில்டர் அடுப்படியில் இருக்கிறது. பக்கத்தில் அத்தை, கையில் டவரா. பின்னாலேயே வந்த இவர் அலறினார்.

“ஏம்மா, என் மீனு?”

“தேங்காச் சிரட்டையில ஓட்டை போட்டு மணலையும் பஞ்சையும் மாத்தி வச்சிருக்கேன். போயி ஊத்துலே.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “மீன் பட்டதாச்சே, அத்தை?” என்றேன்.

அத்தை நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

“ஏட்டி, உயிரோட நீந்துத வரைக்கும் மீனும் சைவந்தான். உனக்குச் சீனி எம்புட்டு போட?”