பாலத்து ஜாமில் பிறந்த கதைகள்

கதை எழுதுகிறவர்களைக் கண்டால் வாசகர்களுக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருக்கும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்த அந்த இலக்கியச் சந்திப்பிலும் ஒருவர், வாயிலிருந்த கறிபாப்பை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தார்.

"குமுதா மேடம், வேற்றுக் கிரகம், பறக்கிற ஊர், இதெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து தோணுது?"

"கனவுல வரும்" என்றாள் குமுதா. கூட்டம் கைதட்டியது. கனவு என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு குடைய மாட்டார்கள்.

கனவாவது ஒன்றாவது! பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாளெல்லாம் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக் கணினிச் சில்லுகளைப் பார்க்கிறவள், படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். கதைகள் அத்தனையும் பிறந்தது பினாங்குப் பாலத்து ஜாமில், மகன் கிஷன் ஓட்டும் காடிக்குள்.

சாயங்காலம் அவன்தான் வந்து ஏற்றிக்கொண்டு செபராங் ஜெயா வீட்டுக்குப் போவான். பாலத்தில் வண்டிகள் நகராது. அவன் வாய் மட்டும் நிற்காது. "அம்மா, இந்தப் பாலம் முடியாமலே போயிட்டே இருந்தா? காடிக்குள்ளேயே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, அப்புறம் அந்தப் பிள்ளை டிரைவ் பண்ணும் லா!" "பைத்தியக்காரா" என்று திட்டுவாள். அடுத்த மாதமே அது ஞாயிறு பத்திரிகையில் கதையாக வந்துவிடும்.

அப்படி வந்த கடைசிக் கதைதான் இப்போது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. திரும்பவே முடியாத ஒரு கிரகத்துக்கு ஒரு பையன் கிளம்புகிறான். விண்கலத்தின் வாசலில் நின்று, 'போயிட்டு வரேம்மா' என்று சொல்வதாக அவள் எழுதியிருந்தாள். கிஷன் ஒப்புக்கொள்ளவில்லை.

"வர மாட்டான்னு அவனுக்கே தெரியும். அப்புறம் ஏம்மா பொய் சொல்றான்? 'போறேம்மா'ன்னு போடு."

"சீ, என்ன பேச்சு இது!" என்று பதறினாள். நம் வீடுகளில் யாராவது வாசலில் நின்று 'போறேன்' என்பார்களா? பக்கத்துக் கடைக்குக் கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்'தான். உள்ளேயிருந்து 'போயிட்டு வா' என்று பதில் வந்தால்தான் செருப்பை மாட்டுவார்கள். ஆனால் கதைக்கு அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது. 'போறேம்மா' என்றான் பையன், கதவு மூடியது, கதை முடிந்தது. படித்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டதாகச் சொல்லிப் பாராட்டினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு காலை. அவளுக்கு லீவு. காடி பட்டறையில் இருந்ததால் கிஷன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். "போயிட்டு வரேம்மா" என்று சத்தமாகத்தான் சொன்னான். குமுதா அடுப்படி மேசையில் அடுத்த கதையில் மூழ்கியிருந்தாள். நல்ல வரி ஒன்று வந்துகொண்டிருந்த நேரம், வாயைத் திறந்தால் அது ஓடிவிடும். அவன் வாசலில் கொஞ்சம் நின்றது அவளுக்குத் தெரிந்தது. பிறகு மோட்டார் கிளம்பியது. பாலத்தை எட்டுவதற்குள் ஒரு லாரி அவனை அடித்துவிட்டது.

அதன்பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. இப்போது தொழிற்சாலை பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறாள். பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

கூட்டம் கலைந்ததும் பதிப்பாளர் சிவநேசன் அச்சுப்படியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய கதைகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறவர் அவர். அந்த ஒரு கதையை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.

"அது இல்லன்னா புத்தகமே மொட்டையா இருக்கும்க்கா."

"வேணாம் தம்பி. அந்த வார்த்தைய நான் எழுதியிருக்கவே கூடாது."

"அப்ப வார்த்தைய மாத்திடுவோம். 'போயிட்டு வரேம்மா'ன்னு போட்டுருங்க." பேனாவை நீட்டினார்.

குமுதா வாங்கினாள். அடிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இது அவள் யோசித்த வார்த்தை இல்லை, கிஷன் சொன்னது. பாலத்து நடுவில், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னது. அவன் போன பிறகு இதையும் தன் கையாலேயே அடிப்பதா? மனசு கேட்கவில்லை. வார்த்தை என்ன செய்தது, பாவம். தப்பு அதில் இல்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். கண்ணீர் தாளில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

'போறேம்மா'வை அப்படியே விட்டுவிட்டு, கதவு மூடுவதற்கு முன்னால் இருந்த இடுக்கில் ஒரு வரி எழுதினாள்: "போயிட்டு வாப்பா" என்றாள் அம்மா.

சிவநேசன் படித்துப் பார்த்தார். "அவன்தான் வர மாட்டானேக்கா?"

"தெரியும் தம்பி" என்றாள் குமுதா. "அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேன்."