சடை பின்னியது யார் என்று கேட்டவர்

வடாலா நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஜெபமணி சிஸ்டர் இறந்துவிட்டதாகச் சபையின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. யாரோ அனுப்பியதை யாரோ திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் நம்பவில்லை. டிராம்பேயில் இருக்கும் அவருடைய மகளுக்கு போன் செய்தேன். "ஆமா அங்கிள், காலைல காபி குடிச்சிட்டு இருக்கும்போதே..." என்றாள்.

சிஸ்டர் செம்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தாராவி சபையில் அவரை விரும்பியவர்களைவிட அவருக்குப் பயந்தவர்கள் அதிகம். பிரசங்கியார் யாராவது தன் ஜெபத்தால் ஊமை பேசினான் என்று சொல்லிவிட்டால் போதும், கூட்டம் முடிந்ததும் வாசலில் நிறுத்தி, "எந்த டாக்டர் பாத்தாரு? சீட்டு வச்சிருக்கியளா?" என்பார்.

சில வருடங்களுக்கு முன் கென்யாவில் ஓர் ஏரிக்கரை ஊருக்குப் பத்து நாள் ஊழியத்துக்காக நாங்கள் புறப்பட்டபோது அவரும் பெயர் கொடுத்தார். குழுவின் செயலாளர் நான். சபையில் போதகருக்கு எதிரான கோஷ்டிதான் வேவு பார்க்க அவரை அனுப்புகிறது என்று நினைத்தேன். விமானத்தில் அவர் நோட்டில் ஏதோ எழுதியதைக்கூட எட்டிப் பார்த்தேன். ஜெபக் குறிப்புகள்.

அங்கே அநாதைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்றில் பாட்டும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தோம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை விட்டு நகரவே மாட்டாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை என்று இல்லத்து நிர்வாகி சொன்னதும் நான் அழுதுவிட்டேன். சிஸ்டர் அழவில்லை.

"அண்ணாச்சி, சனிக்கிழம அவுந்து கெடந்த தலை. திங்கக்கிழம பாத்தா ஒரு முடி பிசகாம பின்னியிருக்கு. தாயில்லாத புள்ளைக்கு யாரு இம்புட்டு நேரம் உக்காந்து பின்னி விடுதா?"

"எல்லாத்துலயும் சந்தேகமா சிஸ்டர்?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாளிலிருந்து மதியம் ஆனால் அவரைக் காணவில்லை. ஊரில் யாருக்கோ தகவல் அனுப்புகிறார் என்று என் சந்தேகம் முற்றியது. மூன்றாம் நாள் பின்தொடர்ந்தேன். கரையில் மீன் காயவைக்கும் இடத்தில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து பொடிமீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"வாங்க. உங்க மடியில உக்காருத புள்ளைக்கு அம்மா இவதான். இல்லத்துல சமைக்கிற அம்மா அடையாளம் சொன்னா. பள்ளிக்கூடத்துல சேக்குதோம்னு புள்ளையக் கூட்டிட்டுப் போயிருக்காவ. ஞாயித்துக்கிழம பின்வாசல் வழியாத்தான் பாக்க விடுதாவ. வெளிநாட்டு ஆளுக கண்ணுல படக் கூடாதாம், அநாதைன்னாத்தான் காசு வருமாம்."

எங்களோடு வந்திருந்த போதகரிடம் சொன்னேன். "நாம விருந்தாளிங்க. அவங்க விஷயத்துல தலையிட வேண்டாம்" என்றார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

கடைசி நாள் ஆராதனையில் சாட்சி சொல்ல சிஸ்டரை அழைத்தார்கள். அவர் மேடைக்குப் போகவில்லை. வாசலுக்குப் போய், அந்தப் பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தார். என் பக்கத்தில் இருந்த சிறுமி "மாமா!" என்று கத்தினாள். ஒரு கணம் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவர்கள் மொழியில் அது அம்மா. என்னைத் தாண்டி ஓடினாள். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தபோது நிர்வாகி எழுந்தார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மும்பை திரும்பியதும் சிஸ்டர் ஊழியத்தைக் கெடுத்தவர் ஆனார். அடுத்த பயணத்தில் அவர் பெயரை அடித்தார்கள். சபைப் பத்திரிகைக்கு அறிக்கை எழுதியவன் நான். "பிள்ளைகள் நடுவில் ஆசீர்வாதமான பத்து நாட்கள்" என்று எழுதினேன். நடந்ததை எழுதவில்லை. அதைப் படித்துவிட்டு வந்த சிஸ்டர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் புள்ள பேரையாவது போட்டிருக்கலாம் அண்ணாச்சி" என்றார். பத்திரிகையை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அடக்க ஆராதனையில் அவரை விசுவாச வீராங்கனை என்று புகழ்ந்தார்கள். கென்யாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அவர் மடித்துத் தந்த பத்திரிகை மட்டும் என்னிடம் இருக்கிறது. சிஸ்டரை அறிந்தவர்களே, அதில் நான் விட்டதை இப்போது எழுதுகிறேன். பிள்ளையின் பெயர் அகின்யி. அவளுக்கு அம்மா இருந்தாள். கண்டுபிடித்தவர் ஜெபமணி சிஸ்டர்.