தப்பு டீச்சரின் பின்ன வீடியோ

ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'தப்பு டீச்சர்'. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். டீச்சருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பலகையில் தப்பாகப் போடுவார். போட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வகுப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். கொஞ்ச நேரம் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் வரும், "டீச்சர், தப்பு!" சும்மா விட்டுவிடுவாரா? "எது தப்பு? இத்தனை வருஷமா இப்படித்தான் போடறேன், நீ புதுசா வந்து சொல்றியா?" என்று மல்லுக்கு நிற்பார். பிள்ளை விட்டுக்கொடுக்காமல் காரணம் சொன்னால்தான் அழிப்பார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தலைகால் புரியாது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுக் கருவிகள் வந்து சேர்ந்தன. முதலில் வந்தது வருகையைப் பதியும் செயலி. வந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் டீச்சர் ஒழுங்காகத் தட்டினார். அந்தச் செயலியில் பெயரைத் தட்டினால் பிள்ளை வரவில்லை என்று அர்த்தமாம், வீட்டுக்கும் உடனே செய்தி போய்விடுமாம். சற்று நேரத்தில் வகுப்பின் பெற்றோரில் பாதிப்பேர் பள்ளி வாசலில் பதறிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்திருந்தார். அடுத்தது போனில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. வீட்டுப்பாடம் என்று டீச்சர் ஒரு வரி போட்டால், அதன் மேல் காலை வணக்கமும் பூப்படமும் வந்து குவிந்து, வரியைத் தேடி எடுப்பதே பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடமாகிவிடும்.

ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்த ரகம் இல்லை டீச்சர். கற்றுக்கொண்டார். ஸ்மார்ட் போர்டில் முக்கோணத்தை விரலால் திருப்பிக் காட்டியபோது பிள்ளைகளை விட அவருக்குத்தான் வாய் பிளந்தது. காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை வீட்டிலிருந்தே பாடத்தைப் பார்த்துவிட்டு வந்ததையும், மெதுவாகப் புரிந்துகொள்கிற பிள்ளை ஒரே இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்ததையும் அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நாலாவது தடவை கேட்டால் நாமே எரிந்து விழுவோம், வீடியோ விழாது என்று வீட்டுக்காரரிடம் ஒத்துக்கொண்டும் இருக்கிறார்.

ஆகவே, 'பி' பிரிவின் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், "உங்க பாடத்தை வீடியோவா எடுத்து அந்தப் பிள்ளைங்களுக்குப் போட்டுடலாமா?" என்று தலைமையாசிரியை கேட்டபோது டீச்சர் மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் சார் கேமராவை நிறுத்தினார். முதல் சில வீடியோக்களில் டீச்சர் செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாக நின்று ஒப்பித்தார். பின்னம் கூட்டுகிற பாடம் வந்தபோது கூச்சம் விட்டுப் போயிருந்தது. கேமரா இருப்பதே மறந்து, எதிரே பிள்ளைகள் இருப்பதாகவே நினைத்துவிட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினார். மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இருக்கும் இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து. ஆக, ஐந்தில் இரண்டு என்று தைரியமாக எழுதினார். எழுதிவிட்டுக் கேமராவைப் பார்த்துப் பேசாமல் நின்றார். பிறகு, "என்ன, ஒருத்தருக்கும் வாய் இல்லையா?" என்று கேட்டு, அழித்து, சரியாகப் போட்டுக் காட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது, இன்றைக்குத்தான் உருப்படியாகப் பாடம் நடத்தினோம் என்று மனசு நிறைந்திருந்தது.

கம்ப்யூட்டர் சார் நல்ல மனிதர். டீச்சர் எங்கேயோ தடுமாறி நின்றுவிட்டார், பாவம் என்று நினைத்தார். அந்த மௌனத்தை வெட்டினார். பின்னால் அழித்துத் திருத்துகிற இடம் எதற்கு நீளமாக என்று அதையும் வெட்டினார். ஐந்தில் இரண்டு மட்டும் ஜம்மென்று நின்றது. டீச்சர் தன் முகத்தைத் திரையில் பார்க்கச் சகிக்காமல் எந்த வீடியோவையும் போட்டுப் பார்த்ததில்லை.

தேர்வு வந்தது. 'பி' பிரிவு விடைத்தாள்களையும் டீச்சரே திருத்தினார். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கட்டைப் பிரித்தார். அரையும் ஐந்தில் ஒன்றும் எவ்வளவு என்ற கேள்விக்கு முதல் தாளில் ஏழில் இரண்டு. சுழித்தார். அடுத்த தாளிலும் அதுவே. அதற்கடுத்ததிலும் அதுவே.

"காப்பி அடிச்சிருக்குங்க பாருங்க, கூச்சமே இல்லாம" என்றார்.

மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "வகுப்பு மொத்தமுமா? யாரைப் பார்த்து அடிச்சாங்களாம்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். அவர் முகமே அவருக்கு எதிரே நின்று ஐந்தில் இரண்டு என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த கணக்குக்குப் போனது.

மிச்சத் தாள்களைத் திருப்பியபோது ஒன்று கையிலேயே நின்றுவிட்டது. அதில் பத்தில் ஏழு என்று சரியான விடை, படிப்படியாக, அழகான எழுத்தில். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஏழில் இரண்டு. தப்பாகப் போட்ட பிள்ளைகளை நினைத்தபோது வராத அழுகை, இந்த ஒரு கோட்டைப் பார்த்ததும் வந்தது. தனக்குத் தெரிந்ததை ஒரு பிள்ளை தன் கையாலேயே அடித்திருக்கிறது, டீச்சர் சொல்லிவிட்டார் என்பதற்காக.

மறுநாள் தலைமையாசிரியை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். "எல்லாருக்கும் அந்த மார்க்கைப் போட்டுடுங்க. வீடியோவை மாத்திடுங்க. பேச்சு வெளிய போக வேண்டாம், பெத்தவங்க பிடிச்சுப்பாங்க."

"மார்க் போடலாம் மேடம். வீடியோவையும் மாத்தலாம். ஆனா அதுங்க மண்டையில இருக்கறதை யார் மாத்தறது?"

"அதை மெதுவாப் பார்க்கலாம் டீச்சர்."

"நான் போய்ச் சொல்லிடறேன். தப்பு என்னோடதுன்னு."

"உங்க மரியாதை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தார். மரியாதையா, அந்தக் கோடா என்று பார்த்தபோது கோடுதான் பெரியதாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் சார் வேறு ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். வெட்டாத வீடியோவையே ஏற்றிவிடுவதாகச் சொன்னவர், தயங்கித் தயங்கி, "ஆனா நீங்க சும்மா நிக்கற இடத்துல நெட் போயிடுச்சுன்னு நினைப்பாங்களே டீச்சர்?" என்றார். நினைக்கட்டும் என்றார் டீச்சர்.

டீச்சர் விடைத்தாள் கட்டோடு 'பி' பிரிவில் நுழைந்ததும் பிள்ளைகள் திரைக்குள்ளிருந்து ஆள் இறங்கி வந்த மாதிரி பார்த்தார்கள். டீச்சர் நடந்ததைச் சொன்னார். வீடியோவில் இருப்பது தப்பு என்றார். கோடு போட்ட அந்தத் தாளுக்குரிய பெண் ஜன்னலோரம் இருந்தாள்; அவளை எழுப்பித் தாளை அவள் முன்னால் வைத்தார்.

"சரியாப் போட்டுட்டு ஏம்மா அடிச்சே?"

"நீங்க வேற மாதிரி போட்டீங்க டீச்சர்."

"உனக்கு சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. கேட்கலாம்னு பார்த்தா நீங்க அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க."

டீச்சர் தாளில் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "நீ முதல்ல போட்டதுதான் சரி" என்றார்.

பெண்ணின் முகம் மலரவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "இப்பவும் நீங்க சொல்றதாலதான் சரியா டீச்சர்?" என்று கேட்டாள்.

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. நன்றாக வாங்கிக்கொண்டோம் என்று வலித்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் வந்தது. "இல்லம்மா. ஏன் சரின்னு நீயே வந்து சொல்லு" என்று சாக்பீஸை நீட்டினார்.

அவள் வந்து ஒரு வட்டம் வரைந்து பாதியை நிரப்பினாள். வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "இது பாதி. இதோட இன்னும் கொஞ்சம் சேர்க்கறோம். ஏழுல ரெண்டு பாதியை விடக் கம்மி. சேர்த்ததுக்கு அப்புறம் எப்படிக் குறையும்?"

"அதானே!" என்றது ஒரு குரல். "அதெப்படி, மேலயும் கீழயும் கூட்டினா அதுதானே வருது?" என்றது இன்னொன்று. நாலு பேர் எழுந்துவிட்டார்கள். வகுப்பு சந்தைக்கடையானது. டீச்சர் அவளுடைய தாளை எடுத்து, மார்க் போடச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இருங்க டீச்சர்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "இவங்க இன்னும் ஒத்துக்கலை."